டிரங்குப் பெட்டியில் ஒரு கிணறு

பிச்சுமணி அரசாங்கத்தின் எண்ணெய்க் கிணறு ஒன்றைத் திருடிக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டார் என்ற செய்தி, 1983 மே மாதத்தில் ஒரு காலை, படகுத்துறைக்கு எதிரே அப்புவின் சாயாக்கடையில் என் காதில் விழுந்தது. அப்பு அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“சாரே, கேட்டில்லே? நம்ம பிச்சுமணி சாமி அஸ்ஸாம்லேந்து எண்ணெக் கிணறு ஒண்ணு அடிச்சு மாத்திட்டு வந்திருக்கு.”

“கிணத்தை எப்படி அப்பு திருட முடியும்? வாளியைத் திருடலாம். மிஞ்சிப் போனால் கயிறு.”

“அதொண்ணும் எனக்கு அறியில்ல. பக்ஷே கம்பெனி தந்தி அடிச்சிருக்கு. நாப்பத்தொண்ணாம் நம்பர் கிணத்தை உடனே திருப்பித் தரணும்னு. போஸ்ட்மேன் சொன்னதாக்கும்.”

தந்தியே வந்துவிட்டபிறகு வேறு ஆதாரம் கேட்பது அழகல்ல. ஆனாலும் ஆவல் விடவில்லை. பிச்சுமணி, அரசாங்க எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வடக்கே எங்கேயோ குமாஸ்தாவாக இருப்பவர் என்பதும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து போகிறவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் கிணற்றை என்ன செய்தார் என்பதில்தான் மூன்று கட்சிகள். விற்றுவிட்டார் என்பது மிளகுக் கிடங்குக்காரர்களின் கட்சி. ஒளித்து வைத்திருக்கிறார் என்பது சுமைதொழிலாளிகளின் கட்சி. அவர் வீட்டுக் கொல்லைக் கிணற்றிலேயே மண்ணெண்ணெய் ஊறுகிறது என்பது ரேஷன் கடை வரிசையின் கட்சி. மூன்றாவதற்குச் சாட்சியம் பலமாக இருந்தது. பிச்சுமணியின் மனைவி கனகாம்பாளை மண்ணெண்ணெய் வரிசையில் யாரும் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. ரேஷன் கடைக்காரர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். சர்க்கரை உண்டு, அரிசி உண்டு, மண்ணெண்ணெய்ப் பத்தி வெள்ளையாக இருந்தது. நாடே வரிசையில் நிற்கும்போது ஒரு குடும்பம் மட்டும் மண்ணெண்ணெய் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கனகாம்பாளே கதவைத் திறந்தார்.

“வாங்கோ. கிணறு பாக்க வந்தேளா?”

நான் தயங்கினேன்.

“வெக்கப்பட வேண்டாம். நேத்தைக்கு மூணு பேர் வந்தா. ஒருத்தர் குப்பியும் கொண்டுவந்தார்.”

கொல்லைக்கு அழைத்துப்போய் ஒரு வாளி இறைத்து, தம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார். குடித்தேன். மட்டாஞ்சேரிக் கிணறுகளுக்கென்றே உள்ள உப்புக்கரிப்பு. மண்ணெண்ணெய் வாசனை துளியும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அடுக்களையைக் காட்டினார். தகர டின்னில் மரத்தூளை அடைத்து எரிக்கும் அறக்கப்பொடி அடுப்பு ஒன்று புகையில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மரமில்லில் ஒரு சாக்குத் தூள் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், அவ்வளவுதான். மூன்றாவது கட்சி அந்த இடத்திலேயே தோற்றது.

“அப்படியானால் கிணறு திருடியது?” என்றேன்.

“அதா? அது நெசம்” என்றார் கனகாம்பாள். “உள்ளே இருக்கார், நீங்களே கேளுங்கோ. நான் கேட்டுக் கேட்டு அலுத்தாச்சு.”

பிச்சுமணிக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரே உள்ள காகிதங்களின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே இருப்பார். காகிதம் இல்லாவிட்டால் பாயின் ஓரத்தை. நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து பச்சை டிரங்குப் பெட்டியை இழுத்தார். பூட்டைத் திறந்தார். இரண்டு வேட்டிகளை எடுத்து ஓரமாக வைத்தார். அடியில், சிவப்பு நாடா கட்டிய தடித்த ஃபைல் ஒன்று.

“இதாக்கும் கிணறு” என்றார்.

“இது ஃபைல் அல்லவா?”

“பூமியில இருக்கறது வெறும் துவாரம் சார். கிணறுன்னா இதுதான். இது இல்லாம அதை ஒருத்தரும் தொட முடியாது. திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.”

“நீங்கள் எடுத்துக்கொண்டு வந்தீர்களா?”

“தெரியாம வந்துடுத்து.”

“பூட்டின பெட்டிக்குள்ளயா?” என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

தந்தியில் ‘ஃபைல்’ என்ற சொல்லை எழுதினால் ஒரு சொல்லுக்கான கட்டணம் கூடும். அதைச் சேமித்தார்கள். அதனால்தான் தபால்காரர் வாயில் கிணறே திருடுபோயிற்று. ஆனால் ஏன் எடுத்துவந்தார் என்பதற்கு, பிச்சுமணியின் ஆயுளில் இருபது முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

அவர் முதலில் வேலை பார்த்தது பஜார் ரோட்டில், ஒரு தேங்காயெண்ணெய் மொத்த வியாபாரியின் கிடங்கில். கடிதம் எழுதும் வேலை. இங்கிருந்து டின் டின்னாக எண்ணெய் வடக்கே போகும். ஒவ்வொரு ஜனவரியிலும் கான்பூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கோபமான கடிதங்கள் வரும். அங்கே டின்னுக்குள் கோலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். கோல் பாதியில் முட்டி நின்றுவிடும். பாதி டின்தான் எண்ணெய், அடியில் எதையோ கலந்து அடைத்திருக்கிறீர்கள், மோசடிக்காரர்களே என்று எழுதுவார்கள். குளிரில் எண்ணெய் உறைந்து கிடக்கும் என்பது கொச்சியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிச்சுமணி எல்லாக் கடிதத்துக்கும் ஒரே பதில் போடுவார்: ‘டின்னை வெயிலில் வைத்து, மறுபடி அளக்கவும்.’ பதினோரு குளிர்காலம் அந்த வரியை எழுதியிருக்கிறார். தொள்ளாயிரம் தடவை இருக்கும் என்பது அவர் கணக்கு.

பிறகு பரீட்சை எழுதி எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்த எண்ணெய் மண்ணுக்கடியில் இருப்பது. தலைமை அலுவலகத்தில் அவரை உட்காரவைத்த பிரிவுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: நாடு முழுவதும் சும்மா கிடக்கும் கிணறுகளின் பட்டியலை வைத்துக்கொள்வது.

சும்மா கிடக்கும் கிணறு என்றால் வற்றிய கிணறு இல்லை என்பதை எனக்குப் புரியவைக்க அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். நானும் விடாமல் கேட்டேன். கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டி, எண்ணெயும் வந்து, பிறகு நின்றுபோனவை. ஒன்றில் மணல் ஏறியிருக்கும். ஒன்றில் தண்ணீர் புகுந்திருக்கும். ஒன்றில் ரிப்பேர் பார்க்க இறக்கிய கருவியே உள்ளே விழுந்து கிடக்கும். ஒன்றுக்குப் பம்பு உண்டு, பம்புக்கு ஒரு சின்ன உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இன்னொன்றுக்கு எல்லாம் உண்டு, வழியிலுள்ள மரப்பாலம்தான் ரிக் என்ற பழுதுபார்க்கும் இயந்திரத்தின் எடையைத் தாங்காது. ‘சிக் வெல்’ என்பார்களாம், நோயாளிக் கிணறு. பழுதுபார்க்கும் ரிக் எண்ணிக்கையில் குறைவு, நோயாளிகள் அதிகம். அதனால் யாருக்கு முதலில் வைத்தியம், யாரை சிமெண்ட் ஊற்றி நிரந்தரமாக மூடுவது என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்யும். மூடுவதென்றால் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும், அதுவும் அந்தக் கிணற்றின் அசல் ஃபைலில். நகலில் போட்டால் செல்லாது.

“கையெழுத்துப் போடுகிறவர்கள் கிணற்றைப் பார்த்திருப்பார்களா?” என்றேன்.

“ஃபைலைப் பாத்திருப்பா.”

பிச்சுமணி பட்டியலோடு நிற்கவில்லை. கிணறு ஒன்றுக்கு ஓர் அட்டை வீதம் தானாகவே எழுதிவைத்தார். எந்த மாதம் நின்றது என்று அட்டையின் மூலையில் குறித்தார். இருநூற்றுச் சொச்சம் அட்டைகள். அஸ்ஸாமில் ஓர் எண்ணெய் வயலின் அட்டைகளை அடுக்கும்போது, நின்றவற்றில் பாதி டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் நின்றவை என்று கண்ணில் பட்டது. அந்த வயலின் எண்ணெயில் மெழுகு அதிகம். ஆழத்தில் சூடாக இருப்பது மேலே ஏற ஏற ஆறி, மெழுகு குழாய்க்குள் படியும். பொறியாளர்களுக்கு இது புதிதில்லை. அங்கங்கே சுரண்டி எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

நாற்பத்தொன்றாம் எண் கிணற்றின் ஃபைலில் அறுபத்துமூன்றாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 1976 ஜனவரியில், சுரண்டும் வண்டி பழுதாகி மூன்று வாரம் வரவில்லை. கிணறு நின்றது. கம்பியில் எடை கட்டி இறக்கிப் பார்த்தார்கள். நானூற்றிருபது மீட்டரில் முட்டி நின்றது. பக்கத்துக் கிணறுகளில் மணல் பிரச்சினை இருந்ததால் யாரோ ‘மணல்’ என்று எழுதினார். அதன்பிறகு வருஷாவருஷம் அந்தச் சொல்லை அடுத்த பக்கத்துக்குப் பெயர்த்து எழுதினார்களே ஒழிய, யாரும் கம்பியை மறுபடி இறக்கவில்லை.

“கிணத்தோட ஆழம் ரெண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் சார். மணல்னா அடியிலேந்து ஏறணும். நானூத்திருபது வரைக்கும் மணல் ஏறியிருந்தா அது கிணறு இல்லை, தூண். இன்னும் பாருங்கோ.” அடுத்த பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். கம்பி இறக்கிய ஆள் பென்சிலால் எழுதியிருந்தார்: நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

1982 கடைசியில் கமிட்டி இந்தக் கிணற்றை மூடும் பட்டியலில் சேர்த்தது. ஃபைல் பிச்சுமணியின் மேஜைக்கு வந்தபோது, பழக்கதோஷத்தில், பதினோரு குளிர்காலம் எழுதிய கை எழுதிவிட்டது. குறிப்பு எழுதும் இடத்தில், ஆங்கிலத்தில்: ‘டின்னை வெயிலில் வைத்து, மறுபடி அளக்கவும்.’

நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அழகான கையெழுத்து.

மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. குறிப்பில் கண்டுள்ள டின் எது, எந்தக் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். டின் எதுவும் இல்லை என்று பிச்சுமணி எழுதினார். டின் இல்லையெனில் அதை வெயிலில் வைக்கச் சொன்னது ஏன் என்று அடுத்த மெமோ வந்தது. அவர் மெழுகையும் ஜனவரியையும் மஞ்சளையும் விளக்கி நாலு பக்கம் எழுதினார். சூடான எண்ணெயை ஒரு தடவை உள்ளே செலுத்திப் பாருங்கள், வராவிட்டால் மூடுங்கள் என்று கெஞ்சியிருந்தார். குமாஸ்தாவுக்குத் தொழில்நுட்பக் கருத்துச் சொல்ல அதிகாரம் இல்லை என்று மூன்றாவது மெமோ வந்தது. ஏப்ரல் கடைசியில் மூன்று கையெழுத்துகளும் விழவேண்டிய கூட்டம். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பிச்சுமணி இரண்டு மாத விடுமுறையில் ரயிலேறினார். ஃபைலும் ஏறியது.

“ஜூன் இருபதாம் தேதி விசாரணை” என்றார் கனகாம்பாள், சாயா தம்ளரை என்முன் வைத்தபடி. “கிணறு செத்ததுதான்னு ஆச்சுன்னா இவரை டிஸ்மிஸ் பண்ணுவா. பென்ஷனும் கிடையாது. இன்னும் அஞ்சு வருஷம் சார், அஞ்சே அஞ்சு வருஷம். வாயை மூடிண்டு இருந்திருக்கப்படாதோ? அந்தக் கிணறு வந்து சோறு போடுமா எனக்கு?”

“உசிரோட இருக்கறதை மூடச் சொல்றயா கனகம்?”

“நான் உசிரோட இருக்கேன், அது தெரியறதா உங்களுக்கு?”

பிச்சுமணி பாயின் ஓரத்தை நேராக்கினார்.

அவர் கையிலிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. அந்த வயலில் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்த சிவசங்கரன் என்ற பொறியாளர். நேரில் பார்த்ததில்லை, பத்து வருஷமாகக் காகிதத்தில் பழக்கம். அவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது. பிச்சுமணி வாசித்துக் காட்டினார்.

‘நாற்பத்தொன்று என் வேலைப் பட்டியலில் இல்லை. ஆகவே அதை நான் தொட முடியாது. முப்பத்தெட்டு பட்டியலில் உண்டு. அதற்குச் சூடான எண்ணெய் விட, ஜூன் இரண்டாம் தேதி வண்டி போகிறது. முப்பத்தெட்டுக்குப் போகும் பாதை நாற்பத்தொன்றை ஒட்டித்தான் போகிறது. பாதை மோசம். வழியில் எவ்வளவு சிந்தும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.’

“இது சம்மதமா, மறுப்பா?” என்றேன்.

“என்ஜினீயர் கடிதாசு சார் இது. இதுக்குமேல ஒருத்தர் சம்மதிக்க முடியாது.”

ஜூன் நான்காம் தேதி நான் மறுபடி போனேன். மழை பிடித்திருந்தது. வாசலில் ஏழெட்டுக் குடைகள். உள்ளே பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி கனகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ இளநீர் கொண்டுவந்திருந்தார்கள். அப்புவும் கடையை விட்டு வந்திருந்தார்.

“ஆருக்காக்கும் சாமி சுகமில்லாதது?”

பிச்சுமணியின் முகத்தில் கவலை இல்லை. சிரிப்பை அடக்கத் தெரியாத குழந்தையின் முகம். கையிலிருந்த தந்தியை என்னிடம் நீட்டினார். ‘நோயாளிக்கு வேர்த்தது. நேற்று மாலை கண் திறந்தார். சிவசங்கரன்.’

தந்தி ஆபீசிலிருந்து ஊருக்குள் வருவதற்குள் கிணற்றுத் திருட்டு மறந்துபோய், பிச்சுமணியின் மைத்துனர் வடக்கே சாகக் கிடக்கிறார் என்று ஆகியிருந்தது. கனகாம்பாள் மறுக்கவில்லை. வந்த இளநீரைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்றார்.

கடிதம் அடுத்த வாரம் வந்தது. முப்பத்தெட்டுக்கு என்று எடுத்த எண்ணெயிலிருந்து நாற்பது பீப்பாய் நாற்பத்தொன்றில் ‘சிந்தியது’. ஐந்து மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைக் கிளப்பும் நேரத்தில் குழாய் உறுமியது. மஞ்சள் கட்டிகளாக மெழுகு வந்து விழுந்தது, அதன்பின் எண்ணெய். பீறிட்டுப் பாயவில்லை, பாதி தண்ணீர்தான். ஆனாலும் நிற்கவில்லை. சும்மா விட முடியாதே என்று, கைக்கெட்டிய குழாய்ப்பாதையில் இணைத்துவிட்டார்கள். அது முப்பத்தெட்டின் பாதை.

ஜூன் பத்தாம் தேதி பிச்சுமணி ஃபைலோடு ரயிலேறினார். அதன்பின் நடந்ததை, அடுத்தடுத்த விடுமுறைகளில் அவரிடமிருந்து துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன்.

ஃபைலை எடுத்துச்சென்றது நிரூபணமாயிற்று. அவரே ஒப்புக்கொண்டார். கிணற்றை மூடவிடாமல் தடுத்தது என்ற இரண்டாவது குற்றச்சாட்டில்தான் கமிட்டிக்குச் சிக்கல். எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கும் கிணற்றை மூடாதது குற்றம் என்று எழுதினால் கீழே யார் கையெழுத்திடுவது? குற்றமில்லை என்று எழுதினால் ஏழு வருஷம் ‘மணல்’ என்று எழுதியவர்கள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாள் யோசித்து, நாற்பத்தொன்று நின்ற நிலையிலேயே இருக்கிறது, முப்பத்தெட்டின் உற்பத்திதான் உயர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். முப்பத்தெட்டாம் எண் கிணறு அந்த வருஷம் பாராட்டுச் சான்றிதழ் வாங்கியது. பிச்சுமணிக்கு ஓராண்டு சம்பள உயர்வு நிறுத்தம். வேலையும் பென்ஷனும் தப்பின. கூடவே, டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் நின்ற மற்ற கிணறுகளின் அட்டைகளை மட்டும் மேலிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஏன் என்று சொல்லவில்லை. அவற்றில் ஒன்பது, இரண்டே வருஷத்தில் சும்மா கிடப்பவற்றின் பட்டியலிலிருந்து காணாமல்போயின. மூடப்படவும் இல்லை.

“அதெல்லாம் ஆரு அடிச்சு மாத்தினா?” என்று அப்பு கேட்டார்.

1988-இல் பிச்சுமணி ஓய்வுபெற்று மட்டாஞ்சேரிக்கே வந்துவிட்டார். பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. ஓய்வுபெறுகிறவர் நிறுவனத்துக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள் அல்லவா, அது மட்டும் வரவில்லை. நூலகப் புத்தகம் திருப்பியாயிற்று. குவார்ட்டர்ஸ் சாவி கொடுத்தாயிற்று. மின்விசிறி ஒன்றுக்கும் கணக்குத் தீர்ந்தது. ஆனால் அந்த ஜூன் இரண்டாம் தேதி சிந்திய எண்ணெய்க்கு, சிவசங்கரன், ஒழுங்கான மனிதர் என்பதால், ஒரு சீட்டு எழுதிவைத்திருந்தார்: ‘முப்பத்தெட்டிடமிருந்து நாற்பத்தொன்று பெற்றது, நாற்பது பீப்பாய், சூடாக. திருப்பித் தரப்படும்.’ கிணற்றின் சார்பில் யாராவது கையெழுத்திட வேண்டுமே என்று அதைப் பிச்சுமணிக்கு அனுப்ப, அவர் சந்தோஷத்தில் போட்டுவிட்டார்.

நாற்பத்தொன்று தந்த எண்ணெயெல்லாம் ஐந்து வருஷமாக முப்பத்தெட்டின் பேரில்தானே போகிறது, அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். நாற்பத்தொன்று இயங்காத கிணறு, அது எதையும் திருப்பித் தந்ததாகப் பதிவில்லை என்று பதில் வந்தது. இயங்காத கிணறு கடன் வாங்கியது எப்படி என்று கேட்டார். அதற்குத் தாங்கள் இட்ட கையெழுத்தே சான்று என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் எழுதுகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் எழுதுகிறார்கள்.

போன வாரம் வந்த கடிதத்தைக் கனகாம்பாள் அறக்கப்பொடி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதும் படித்தார். மடித்து அவரிடம் கொடுத்தார்.

“நாப்பது பீப்பாயும் தரணுமாம்” என்றார். “சூடா வேற கேக்கறா.”